ஹம்பிக்குக் கிளம்புமுன்: வெயிலுக்கும் பாறைக்கும் ஏற்றபடி ஒரு மூட்டை

ஹம்பி ஒரு கோயில் இல்லை, ஒரு கோட்டையும் இல்லை. 1336 முதல் 1565 வரை விஜயநகரப் பேரரசின் தலைநகராக இருந்த முழு ஊர் அது. தலைக்கோட்டைப் போருக்குப் பிறகு சூறையாடப்பட்டு, கைவிடப்பட்டு, 40 சதுர கிலோமீட்டருக்கு மேல் சிதறிக் கிடக்கிறது. தஞ்சைப் பெரிய கோயிலைப் போல இரண்டு மணி நேரத்தில் சுற்றி வந்துவிடலாம் என்று கிளம்புகிறவர்கள் முதல் நாள் மதியமே சோர்ந்து அறைக்குத் திரும்புகிறார்கள். அங்கே ஆளைச் சாய்ப்பவை இரண்டு: நிழலில்லாத தூரமும், வெயிலை வாங்கி வைத்துத் திருப்பித் தரும் கருங்கல்லும். தங்குமிடம், செருப்பு, தண்ணீர், எந்த இடத்துக்கு எந்த நேரம் என எல்லாவற்றையும் இந்த இரண்டை வைத்தே முடிவு செய்ய வேண்டும்.

எப்போது, எத்தனை நாள்

நவம்பர் நடுப்பகுதி முதல் பிப்ரவரி வரை நல்ல காலம். பகலில் வெயில் இருக்கும், ஆனால் தாங்கும். டிசம்பர், ஜனவரியில் விடியற்காலை மெல்லிய ஸ்வெட்டர் கேட்கும். ஏப்ரல், மே மாதங்களில் 40 டிகிரியைத் தொடும். அதைவிடக் கஷ்டம், பொழுது சாய்ந்த பிறகும் பாறை சூடு விடாது. பள்ளி விடுமுறைக்காக மே மாதத்தில்தான் போக முடியும் என்றால் காலை 6 முதல் 10 வரையும் மாலை 4-க்கு மேலும் மட்டும் வெளியே இருப்பது என்று முடிவு செய்துகொண்டு, ஒரு நாள் கூடுதலாக ஒதுக்குங்கள்.

மழைக்காலத்தில் ஊர் பச்சைப் பசேலென்று அழகாக இருக்கும். ஆனால் துங்கபத்ரா அணை நிரம்பி மதகு திறந்தால் படகும் பரிசலும் நின்றுவிடும், ஆற்றங்கரை மண்டபங்கள் முழுகிவிடும். புரந்தரதாசர் மண்டபம் அப்படி ஆண்டுதோறும் தண்ணீருக்குள் போய் வருகிற ஒன்று. ஜூலை முதல் செப்டம்பர் வரை போகிறவர்கள் ஆற்றைக் கடக்கும் திட்டத்தைப் படகை நம்பிப் போடக் கூடாது.

மாநில அரசின் ஹம்பி உத்சவம் முன்பு நவம்பரில் நடந்தது. சில ஆண்டுகளாக ஜனவரி கடைசிக்கும் மார்ச் தொடக்கத்துக்கும் இடையே வருகிறது. கூட்டமும் மேடையும் விளக்கும் பிடிக்கும் என்றால் அப்போது போங்கள். கல்லைப் பார்க்கப் போகிறவர்கள் அந்த வாரத்தைத் தவிர்ப்பது நல்லது. அறை வாடகை ஏறிவிடும், சாலைகளும் திருப்பிவிடப்படும்.

இரண்டு முழு நாள் குறைந்தபட்சம். ஆற்றுக்கு அக்கரையில் ஆனேகுந்தியும் பார்க்க வேண்டுமென்றால் மூன்று.

போய்ச் சேருவது

ரயிலில் இறங்க வேண்டிய ஊர் ஹோஸ்பேட். இப்போது அதிகாரப்பூர்வப் பெயர் ஹொசப்பேட்டே, முன்பதிவில் நிலையக் குறியீடு ஹெச்பிடி. அங்கிருந்து ஹம்பி 13 கிலோமீட்டர். பெங்களூருவிலிருந்து இரவு பத்து மணியளவில் கிளம்பும் ஹம்பி எக்ஸ்பிரஸ் காலையில் கொண்டுபோய் விடும். தமிழ்நாட்டிலிருந்து போகிற பெரும்பாலோருக்கு இதுவே சுலபம். பகலில் பெங்களூரு போய்ச் சேர்ந்து, இரவு வண்டி ஏறிவிடலாம். சென்னைக்காரர்களுக்கு இன்னொரு வழி உண்டு. மும்பை போகும் வண்டியில் குண்டக்கல்லில் இறங்கி, பல்லாரி வழியாக ஹோஸ்பேட் போகலாம். இணைப்பு வண்டிக்கு மூன்று மணி நேரமாவது இடைவெளி விடுங்கள். முதல் வண்டி தாமதமானால் முன்பதிவு செய்த இரண்டாவது வண்டி காத்திருக்காது.

ரயில் முன்பதிவு 60 நாளுக்கு முன் திறக்கிறது. வெள்ளி இரவு போய் ஞாயிறு இரவு திரும்பும் திட்டமென்றால் திறந்த அன்றே போட்டுவிடுங்கள். பெங்களூருவிலிருந்து வார இறுதிக் கூட்டம் முழுக்க அதே வண்டியைத்தான் குறி வைக்கிறது.

ஹோஸ்பேட் பேருந்து நிலையத்திலிருந்து ஹம்பிக்கு அரசுப் பேருந்துகள் நாள் முழுக்க உண்டு. ரயில் நிலைய வாசலில் ஆட்டோக்காரர் “நாள் முழுக்கச் சுற்றிக் காட்டுகிறேன்” என்று ஒரே தொகை சொல்வார். இரவு முழுக்கப் பயணம் செய்த களைப்பில் அதை ஒப்புக்கொள்ளாதீர்கள். அறைக்கு மட்டும் பேசி ஏறுங்கள். மறுநாள் ஆட்டோவைத் தங்கும் இடத்திலேயே விசாரித்துப் பேசலாம்.

எந்தக் கரையில் தங்குவது

பயணம் எப்படி அமையும் என்பதைத் தீர்மானிப்பது இதுதான். நான்கு வழிகள் இருக்கின்றன.

விருபாட்சர் கோயிலை ஒட்டிய தெருக்களில் சிறு வீட்டு விடுதிகள் உண்டு. அறைகள் சாதாரணமானவை, சில நெருக்கடியானவை. ஆனால் விடியற்காலை ஐந்தரைக்கு எழுந்து மலை ஏற வேண்டுமென்றால் இதற்கு இணை கிடையாது. மதியம் வெயிலில் அறைக்குத் திரும்பிப் படுத்து எழுந்து மாலை மறுபடி கிளம்பலாம், அதுவே இதன் பெரிய லாபம். கமலாபுரம் நான்கு கிலோமீட்டர் தள்ளி. மாநிலச் சுற்றுலாக் கழகத்தின் மயூரா புவனேஸ்வரி விடுதி அங்கே இருக்கிறது. பெரியவர்கள், குழந்தைகளோடு போகிறவர்களுக்கு ஏற்றது. ஹோஸ்பேட்டில் நல்ல ஏசி அறையும் அசைவ உணவும் கிடைக்கும், ஆனால் ஒவ்வொரு நாளும் போக வர 26 கிலோமீட்டர் ஆகும், மதிய ஓய்வு போய்விடும். நான்காவது அக்கரை, அதாவது ஆனேகுந்தி, சாணாபூர் பக்கம். வயலும் பாறையுமாக அமைதியான இடம். ஆனால் முக்கியச் சின்னங்கள் எல்லாம் இக்கரையில். படகு மாலையோடு நின்றுவிடும், தவறவிட்டால் புக்கசாகர் பாலம் வழியாகப் பல கிலோமீட்டர் சுற்றி வர வேண்டும்.

பழைய பயணக் குறிப்புகளில் அக்கரையில் விருபாபுர கட்டே என்ற இடத்து விடுதிகளைப் புகழ்ந்து எழுதியிருப்பார்கள். உச்ச நீதிமன்றத் தீர்ப்புக்குப் பிறகு 2020-இல் அவை இடிக்கப்பட்டுவிட்டன. அந்தப் பெயரைப் பார்த்து முன்பணம் கட்டிவிடாதீர்கள்.

முதல் முறை போகிறவர்களுக்கு எங்கள் பரிந்துரை: இரண்டு இரவு இக்கரையில், மூன்றாவது இரவு வேண்டுமானால் அக்கரையில்.

காலணி

மூட்டையில் எது குறைந்தாலும் சமாளிக்கலாம், காலில் போடுவது சரியில்லையென்றால் முடியாது. ஹம்பியின் பாறைகள் உருண்டையானவை, சரிவானவை. அவற்றின் மேல் பொடி மணல் பரவிக் கிடக்கும். வழுக்குவது பெரும்பாலும் அந்த மணலால்தான், ஈரத்தால் அல்ல. அடிப்பாகம் தேய்ந்த ஸ்போர்ட்ஸ் ஷூ, தோல் செருப்பு, ஹவாய் செருப்பு மூன்றும் ஆகாது. பள்ளமான கோடுகள் கொண்ட ரப்பர் அடிப்பாகமும், குதிகாலைப் பிடித்துக்கொள்ளும் வாரும் உள்ள சாண்டல்தான் சரி. கோயிலில் கழற்றி மாட்டவும் வசதி. ஷூதான் பழக்கமென்றால் போடலாம். ஆனால் புதிதாக வாங்கினால் இரண்டு வாரம் முன்பே வாங்கி, தினம் ஒரு மணி நேரம் போட்டு நடந்து பழகுங்கள். புது ஷூவில் முதல் நாளே கொப்புளம் வந்தால் மீதி நாட்கள் ஆட்டோவுக்குள்தான்.

ஒரு ஜோடி தடித்த பருத்தி சாக்ஸ் தனியாக வையுங்கள். விருபாட்சர் கோயிலில் வழிபாடு நடக்கிறது, செருப்பைக் கழற்ற வேண்டும். பதினொரு மணிக்கு மேல் அந்த முற்றம் தோசைக்கல்தான். மற்றப் பெரும்பாலான சின்னங்களில் வழிபாடு இல்லாததால் செருப்போடு நடக்கலாம்.

முட்டி வலி உள்ளவர்கள் கிளம்புவதற்கு மூன்று வாரம் முன்பே மாடிப்படி ஏறி இறங்கப் பழகுங்கள். அனுமன் பிறந்த இடமாகச் சொல்லப்படும் அஞ்சனாத்ரி மலைக்கு 575 படி. மாதங்க மலையின் படிகள் உயரமும் அகலமும் ஒரே அளவில் இல்லாத பழைய கற்கள், ஏறுவதைவிட இறங்குவதுதான் கடினம். இரண்டும் முடியாதென்றால் கவலை வேண்டாம். ஹேமகூட மலை சின்னச் சரிவுதான், அங்கிருந்தும் சூரிய அஸ்தமனம் அருமையாகத் தெரியும்.

மூட்டை

ஒருவருக்கு 30 முதல் 40 லிட்டர் பை ஒன்று, பகலில் தோளில் போட 15 லிட்டர் சின்னப் பை ஒன்று. மொத்தம் எட்டு கிலோவைத் தாண்ட வேண்டாம். சக்கரப் பெட்டி கோயில் தெருவின் சந்துகளில் இழுபடாது.

மூன்று நாளுக்கு: வெளிர் நிறப் பருத்திச் சட்டை அல்லது குர்த்தா மூன்று, கணுக்கால் வரை மூடும் தளர்ந்த பேன்ட் இரண்டு, இரவு உடை ஒன்று. ஜீன்ஸ் வேண்டாம். வியர்வையில் ஒட்டும், துவைத்தால் ஒரே இரவில் காயாது. அரைக்கால் சட்டையோடு கோயிலுக்குள் போவது அங்கே மதிக்கப்படுவதில்லை, அதனால் ஒரு வேட்டியோ துப்பட்டாவோ பையில் இருக்கட்டும். பருத்தித் துண்டு இரண்டு எடுத்துக்கொள்ளுங்கள். நனைத்துக் கழுத்தில் போடவும், சூடான கல்லில் விரித்து உட்காரவும், பரிசலில் கேமராவைச் சுற்றி வைக்கவும் உதவும். அகல விளிம்புத் தொப்பி அவசியம். குடை இன்னும் நல்லது, ஆனால் மலை ஏறும்போது இரண்டு கையும் காலியாக இருக்க வேண்டும்.

தண்ணீர் ஆளுக்கு ஒரு நாளைக்கு மூன்று லிட்டர், கோடையில் நான்கு. எல்லாவற்றையும் ஒரேயடியாகச் சுமக்க வேண்டாம். ஒன்றரை லிட்டர் எப்போதும் கையில், மீதி ஆட்டோவில். ஓஆர்எஸ் ஆளுக்கு நாளொன்றுக்கு ஒரு பாக்கெட். பாக்கெட்டில் எழுதியிருக்கும் அளவுத் தண்ணீரிலேயே, பெரும்பாலும் ஒரு லிட்டரில், முழுதாகக் கரையுங்கள். அரை டம்ளரில் கரைத்துக் குடித்தால் உப்பு அடர்த்தி கூடி, வாந்தியும் தாகமும்தான் அதிகமாகும். தலைவலி, குமட்டல், வியர்வை நின்றுபோவது மூன்றும் சேர்ந்தால் அது சோர்வு இல்லை, வெப்பத் தாக்கு. நிழலில் படுக்க வைத்து, ஈரத் துணியால் உடம்பைக் குளிர்வித்து, உடனே ஹோஸ்பேட் மருத்துவமனைக்குக் கொண்டு போங்கள்.

மருந்துப் பொட்டலம் சின்னது போதும்: பாராசிட்டமால், பிளாஸ்டர், கிருமிநாசினி, கணுக்கால் சுளுக்குக்கு ஒரு கிரேப் பேண்டேஜ், தினமும் சாப்பிடும் மாத்திரைகள் பயண நாட்களைவிட இரண்டு நாளுக்குக் கூடுதலாக.

டார்ச் ஆளுக்கு ஒன்று. செல்போன் வெளிச்சத்தை நம்பாதீர்கள். மலையிலிருந்து இருட்டில் இறங்கும்போது ஒரு கை பாறையில் இருக்க வேண்டும், மறு கையில் போன் இருந்தால் ஒன்று போன் விழும், இல்லை நீங்கள் விழுவீர்கள். நெற்றியில் கட்டும் டார்ச் என்றால் மிக நல்லது. அரண்மனைப் பகுதிக்குப் போகும் வழியில் தரைமட்டத்துக்குக் கீழே இருக்கும் பிரசன்ன விருபாட்சர் கோயிலுக்குள்ளும் அது தேவைப்படும். கருவறைப் பக்கம் பெரும்பாலும் தண்ணீர் தேங்கி, வௌவால் நாற்றத்தோடு இருக்கும்.

பவர் பேங்க் 10,000 எம்ஏஹெச் போதும். சின்னங்களுக்கு இடையே சிக்னல் விட்டு விட்டு வரும், ஆகவே வரைபடத்தை அறையிலேயே பதிவிறக்கிக்கொள்ளுங்கள். அதே காரணத்தால் யுபிஐ மட்டும் போதாது. ஹோஸ்பேட்டிலேயே ஏடிஎம்மில் எடுத்து, 10, 20, 50 ரூபாய்த் தாள்களாக ஆயிரம் ரூபாயாவது தனியாக வையுங்கள். கேமரா முக்காலியும் டிரோனும் வீட்டிலேயே இருக்கட்டும். தொல்லியல் துறை அனுமதி இல்லாமல் பயன்படுத்த விடமாட்டார்கள்.

பாலித்தீன் பை எதுவும் கையில் தொங்கக் கூடாது. அங்கத்துக் குரங்குகளுக்குக் கவர் என்றாலே வாழைப்பழம். பிடுங்கினால் இழுத்துப் போராடாமல் விட்டுவிடுங்கள், கடித்தால் வெறிநாய்க்கடி ஊசிக்கு அலைய வேண்டியிருக்கும். கண்ணாடி போட்டவர்கள் அஞ்சனாத்ரியில் கொஞ்சம் உஷாராக இருக்க வேண்டும்.

வழிச் சாப்பாடு

நம் ஊர் வழக்கம் இதற்கு நன்றாகவே பொருந்தும். மிளகாய்ப்பொடியும் நல்லெண்ணெயும் தடவிய இட்லி முதல் நாள் இரவு வரை தாங்கும். புளியோதரை மறுநாள் காலை வரை, சாதத்தை நன்றாக ஆறவைத்துப் புளிக்காய்ச்சல் கலந்திருந்தால். சூட்டோடு டப்பாவை மூடினால் வியர்த்து, காலையில் ஊசிப்போய்விடும். தயிர் சாதம் எடுத்துப் போவதென்றால் பாலில் பிசைந்து ஒரு கரண்டி தயிர் மட்டும் விடுங்கள், சாப்பிடும் நேரத்துக்குச் சரியாகத் தோய்ந்திருக்கும். தேங்காய்ச் சட்னி வேண்டவே வேண்டாம்.

ஹம்பிக் கோயில் பகுதியில் சைவ உணவு மட்டும்தான், மது கிடையாது. சோள ரொட்டி, எண்ணெய்க் கத்தரிக்காய் கிடைத்தால் விடாதீர்கள். ஹோஸ்பேட்டில் மாலையில் பொரியோடு மிளகாய் பஜ்ஜி கிடைக்கும். அதைச் சாப்பிடாமல் அந்தப் பக்கத்தை விட்டு வருவது நியாயமில்லை.

நாட்களை அடுக்கும் விதம்

இங்கேதான் பலர் காசையும் காலையும் வீணாக்குகிறார்கள். விட்டலர் கோயில், தாமரை மஹாலும் யானைக் கொட்டிலும் உள்ள அந்தப்புர வளாகம், கமலாபுரம் அருங்காட்சியகம் மூன்றுக்கும் ஒரே டிக்கெட். இந்தியர்களுக்கு 40 ரூபாய், 15 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு இலவசம். ஆனால் அது வாங்கிய நாளுக்கு மட்டுமே செல்லும். மாலை நாலு மணிக்கு விட்டலர் கோயிலில் டிக்கெட் வாங்கினால் மற்ற இரண்டும் போச்சு. மறுநாள் மறுபடி வாங்க வேண்டும். அருங்காட்சியகத்துக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை. எனவே இந்த மூன்றையும் வெள்ளி அல்லாத ஒரே நாளில் வையுங்கள்.

அந்த நாளை இப்படி ஓட்டலாம். விட்டலர் கோயிலுக்கு வாகனத்தில் போனால் கமலாபுரம் சுற்றி கெஜ்ஜல மண்டபம் வரைதான் விடுவார்கள். அங்கிருந்து ஒரு கிலோமீட்டர் பேட்டரி வண்டி, விடுமுறை நாளில் நீண்ட வரிசை. அதைவிட, விருபாட்சர் கடைவீதியின் கோடியில் இருக்கும் ஒற்றைக்கல் நந்தியிலிருந்து காலையிலேயே ஆற்றங்கரையோரம் நடந்துவிடுங்கள். கோதண்டராமர் கோயில், சுக்ரீவன் குகை, அரசரின் துலாபாரக் கல்வாசல் என்று இரண்டு கிலோமீட்டர் வழி முழுக்கப் பார்க்க இருக்கிறது. ஆட்டோவைச் சுற்றுச் சாலையில் அனுப்பி கெஜ்ஜல மண்டபத்தில் காத்திருக்கச் சொல்லுங்கள். 50 ரூபாய்த் தாளில் இருக்கும் கல்தேரைக் கூட்டம் மொய்ப்பதற்குள் பார்த்துவிடலாம். இசைத் தூண்களைத் தட்ட அனுமதி இல்லை, யாராவது வழிகாட்டி தட்டிக் காட்டுகிறேன் என்றால் மறுத்துவிடுங்கள். தட்டித் தட்டித்தான் அவை தேய்ந்தன.

வெயில் உச்சியில் இருக்கும் பன்னிரண்டு மணிக்கு அருங்காட்சியகம். கூரையும் நிழலும் இருக்கிறது, ஊர் முழுவதையும் குன்றும் ஆறுமாகச் சிறு அளவில் செய்து வைத்திருக்கும் மாதிரியும் அங்கே இருக்கிறது. எது எங்கே என்று அப்போதுதான் பலருக்குப் பிடிபடும். சாப்பிட்டு ஓய்வெடுத்து மூன்றரைக்கு அந்தப்புர வளாகம். பதினொரு கூடங்கள் கொண்ட யானைக் கொட்டில் மேற்கு பார்த்தது, மாலை வெயில் நேராக அதன் முகத்தில் விழும். காலையில் எடுத்த படங்கள் இருண்டு போவதற்குக் காரணம் இதுதான்.

அதற்கு முந்தைய நாள், வந்து இறங்கிய களைப்பு தீரும் வகையில் விருபாட்சர் கோயிலும் அதன் தெற்குப் பக்கமும். கருவறைக்குப் பின்னாலிருக்கும் சின்ன அறையில் கோபுரத்தின் பிம்பம் தலைகீழாகச் சுவரில் விழுவதைப் பார்க்க வெயில் வேண்டும், மேகமூட்டத்தில் தெரியாது. பிறகு ஹேமகூடம், கடலைக்கல் பிள்ளையார், கடுகுக்கல் பிள்ளையார், 1513-இல் உதயகிரி வெற்றிக்குப் பிறகு கிருஷ்ணதேவராயர் கட்டிய கிருஷ்ணர் கோயில், 6.7 மீட்டர் உயர உக்கிர நரசிம்மர், பக்கத்திலேயே தண்ணீரில் நிற்கும் படவிலிங்கம். கிருஷ்ணர் கோயில் கருவறை வெறுமையாக இருக்கும். அங்கிருந்த பாலகிருஷ்ணர் சிலை சென்னை எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தில் இருக்கிறது. சென்னைக்காரர்கள் கிளம்புமுன் ஒரு நடை போய்ப் பார்த்துவிட்டு வந்தால் அந்த வெற்றுக் கருவறை வேறு மாதிரித் தெரியும். மாலையில் மகாநவமி மேடை, படிக்கிணறு, ஹசார ராமர் கோயில். இவற்றுக்கு டிக்கெட் இல்லை. ஹசார ராமர் கோயிலின் சுவரில் ராமாயணம் வரிசையாகச் செதுக்கப்பட்டிருக்கிறது. குழந்தைகளோடு போனால் கதையைப் பையில் புத்தகமாக அல்ல, தலையில் வைத்துக்கொண்டு போங்கள். சாய்ந்த வெயிலில் சிற்பங்களின் விளிம்பு எழுந்து நிற்கும், உச்சி வெயிலில் தட்டையாகிவிடும்.

வேலூர் ஜலகண்டேசுவரர் கோயில் கல்யாண மண்டபத்தையும் திருவரங்கத்துக் குதிரைத் தூண்களையும் பார்த்தவர்களுக்கு இங்கே ஒரு லாபம் இருக்கிறது: பாயும் யாளியும் குதிரையும் நம் ஊருக்கு எந்தக் காலத்தில், எந்தப் பாணியில் வந்தன என்பது விட்டலர் மண்டபத்தில் நின்றாலே விளங்கிவிடும்.

மூன்றாம் நாள் அக்கரை. அஞ்சனாத்ரி படிகளை ஏழு மணிக்குள் ஏறத் தொடங்குங்கள். சனி, ஞாயிறில் பக்தர் கூட்டம் நெருக்கும். இறங்கிப் பம்பா சரோவரம், ஆனேகுந்திப் பழைய ஊர், நேரமிருந்தால் சாணாபூர் ஏரி. பரிசலில் உயிர்காப்பு உடை தராவிட்டால் ஏறாதீர்கள், நடுவில் வட்டமாகச் சுழற்றிக் காட்ட வேண்டாம் என்றும் முன்பே சொல்லுங்கள். துங்கபத்ராவில் குளிக்கும் ஆசையை விட்டுவிடுவது நல்லது. பாறைகளுக்கு இடையே இழுப்பு அதிகம், முதலை எச்சரிக்கைப் பலகைகளும் சும்மா வைத்தவை அல்ல. இருட்டிய பிறகு ஆளில்லாத ஆற்றங்கரை, ஏரிக்கரை, மலை உச்சி எங்கும் தனியாக இருக்க வேண்டாம். மாதங்க மலைக்குச் சூரியோதயம் பார்க்கப் போனாலும் மூன்று நான்கு பேராகப் போங்கள்.

பேச்சுக்குத் தெலுங்கும் ஹிந்தியும் ஓரளவு ஓடும். கன்னடத்தில் “எஷ்டு” (எவ்வளவு), “எல்லி” (எங்கே), “பேடா” (வேண்டாம்) மூன்றும் தெரிந்தால் ஆட்டோ பேரத்துக்குப் போதும். வழிகாட்டி வைத்துக்கொள்வதென்றால் சுற்றுலாத் துறை அடையாள அட்டை உள்ளவரை, மணிக்கணக்கில் இல்லாமல் பார்க்கும் இடங்களைச் சொல்லித் தொகை பேசி எடுங்கள்.

திரும்பும் வண்டி பெரும்பாலும் இரவில். கடைசி நாள் அறையைக் காலையில் காலி செய்யச் சொல்வார்கள் என்பதால் பையை வைத்துக்கொள்ளவும் மாலையில் ஒரு குளியல் போடவும் முதல் நாளே பேசி வையுங்கள். ஆற்று மணலும் பாறைத் தூசும் படிந்த சாண்டலைத் தனித் துணிப்பையில் கட்டி, உள்ளே வையுங்கள். ரயிலுக்கு ஒரு செட் சுத்தமான துணி அடியில் தொடாமல் இருக்கட்டும். ஹம்பியிலிருந்து ஹோஸ்பேட் நிலையத்துக்கு அரை மணி நேரம் போதும், ஆனால் இரவில் ஆட்டோ குறையும். வண்டி நேரத்துக்கு இரண்டு மணி நேரம் முன்பே கிளம்பினால் பஜ்ஜிக் கடைக்கும் நேரம் கிடைக்கும்.